மூச்சை இழுக்கச் சொன்ன அம்மம்மாவுக்கு ஒரு திருத்தம்

எங்கேயோ வெடிச்சத்தம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அம்மம்மா முதுகைத் தடவி, "பதகளிக்காதை ராசா, மூச்சை நல்லா இழு" என்பா. அம்மம்மா கோவிக்கக் கூடாது: விசயம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது.

நம்பவில்லையா? மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடியைப் பிடியுங்கள். மெதுவாக மூச்சை இழுங்கள்; துடிப்பு கொஞ்சம் முந்தும். மெதுவாக விடுங்கள், பிந்தும். மூளையடியிலிருந்து இதயம், வயிறு வரை இறங்குகிற வேகஸ் நரம்பு போடுகிற பிரேக் அது. பயத்தில் புசுபுசுவென்று மூச்சு வாங்கினால் காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறிவிடும். தலைசுற்றலும் விரல் விறைப்பும் அதனால்தான். சரி, பாடம் முடிந்தது.

எனக்குப் பிடித்த கட்டம் இனித்தான். 2001இல் இத்தாலியில் 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு அதே ஆட்களை யோக மந்திரம் சொல்ல வைத்தார்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். இரண்டு செபத்திலும் அது ஏறத்தாழ 6க்கு இறங்கியது! செபமாலையில் ஒருவர் முற்பாதி சொல்ல, மற்றவர்கள் பிற்பாதி சொல்ல, ஒரு சுற்றுக்கு 10 செக்கன். அதாவது யாழ்ப்பாணத்துப் பெரிய கோயில் தேவாலயத்தில் செபமாலை உருட்டுகிறவரும் நல்லூர் வீதியில் தேவாரத்தை இழுத்துப் பாடுகிறவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: நீளமாக மூச்சை விடுகிறார்கள். ஆனால் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி செபமாலை சொல்கிற வேகத்துக்கு 6 வராது, 26தான் வரும்.

திருமூலரும் கணக்குச் சொல்லியிருக்கிறார்: இழுக்க 16 மாத்திரை (ஒரு மாத்திரை என்றால் கண்ணிமைக்கிற நேரம்), அடக்க 64, விட 32. அந்த 64ஐ வீட்டில் முயன்று பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். இழுப்பதைப்போல் இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்கிறாரே, அதைப் பாருங்கள்.

நமக்கு இலகுவானது இது. சீமெந்துத் தரையில் வெறுங்காலை வைத்து, குளிர்ச்சியை உணருங்கள். ஒரு கை வயிற்றில். மூக்கால் 4 எண்ணும்வரை இழுங்கள், வயிறு கையைத் தள்ளட்டும். பிறகு சுடுகிற தேத்தண்ணியை ஊதுவதுபோல 6 எண்ணும்வரை விடுங்கள். 4உம் 6உம் 10, அதே செபமாலைக் கணக்கு! ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்துங்கள். நெஞ்சுவலி என்றால் வீடியோவை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நாடி பிந்தியது தெரிந்ததா? கீழே எழுதுங்கள். அந்த மாமியும் எழுதலாம்.