குழாய் இல்லாத வீட்டில் கை கழுவச் சொன்னார்கள்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அரங்கைக் கட்டணமில்லாமல் தந்த நூலகச் செயலாளர் அவர்களே, கொட்டும் மழையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

கொரோனா காலத்தில் ஐரோப்பாவின் சிறுபான்மை இனமான ரோமா மக்கள் பட்ட பாட்டைப் பேச அழைத்தீர்கள். வேலை, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று மூன்றைச் சொல்கிறேன். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்பார்களே, மூன்றுக்கும் அது பொருந்தும்.

இவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். இன்று ஐரோப்பாவில் ஒரு கோடிப் பேராவது இருக்கிறார்கள். பழைய இரும்பு சேகரிப்பது, சந்தையில் விற்பது, தினக்கூலி என்று பிழைத்த குடும்பங்களுக்கு ஊரடங்கு வந்ததுமே வருமானம் நின்றது. பதிவில்லாத வேலை என்பதால் பலருக்கு நிவாரணமும் இல்லை.

சரி, தண்ணீருக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் ஒன்பது நாடுகளில் எடுத்த கணக்குப்படி, ரோமாக்களில் மூன்றில் ஒருவர் வீட்டில் குழாய் இல்லை. அதே ஆண்டு ஸ்லோவேனியா குடிநீரை அரசியலமைப்பு உரிமையாகவே எழுதிக்கொண்டது. ஆனால் அந்த நாட்டிலேயே இரண்டு ரோமா குடும்பங்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அவர்கள் இருந்தது அனுமதி பெறாத குடியிருப்பு. ஊர்க் குழாயிலும் கல்லறைத் தோட்டத்திலும் ஓடையிலும் தண்ணீர் பிடித்தார்கள், ஐயா! குழந்தைகளுக்குக் குடிக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான். அரசு முயற்சி எடுத்திருக்கிறது, உதவித்தொகையும் கொடுத்திருக்கிறது, ஆகவே உரிமை மீறல் இல்லை என்று தீர்ப்பு வந்தது. தேதியைக் கவனியுங்கள்: 2020 மார்ச் 10. மறுநாள் உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. எல்லாரும் அடிக்கடி கை கழுவுங்கள் என்றார்கள். எதில் கழுவுவது?

அடுத்த மாதமே ஸ்லோவாக்கியாவில் ஐந்து ரோமா குடியிருப்புகளைக் காவலர்களும் ராணுவமும் சுற்றி வளைத்தார்கள். பல்கேரியாவின் யாம்போல் நகரில் ரோமா குடியிருப்பின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து கிருமிநாசினி தெளித்தார்கள். பட்ட காலிலே படும் என்பது இதுதான். நோயைப் பரப்புகிறவர்கள் என்ற பழி வேறு. இதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். உறுப்பினர் அம்மாவிடம் ஒரு கோரிக்கை. நம் ஊரிலும் புறம்போக்குத் தெருக்களில் பட்டா இல்லை என்று குழாய் இணைப்பு மறுக்கிறார்கள். பட்டாவைக் கேட்காமல் இணைப்புக் கொடுங்கள். மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லாரும் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். முதல் கையெழுத்தை அம்மா போட வேண்டும்.