மோரியா மலைக்கு இரண்டு உரைகள்

அவையோருக்கு வணக்கம்.

யூதர்கள் எழுத்தோடு நின்றுவிடுவார்கள், உட்பொருள் தேடுவது கிறிஸ்தவர்கள்தாம் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ‘கண்ணுக்குக் கண்’ என்ற யாத்திராகமச் சட்டத்தை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா எப்படி எடுத்துக்கொண்டது? கண்ணைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஐந்து வகையில் பணம் கட்டச் சொன்னது. உறுப்புச் சேதம், வலி, வைத்தியச் செலவு, வேலையிழப்பு, அவமானம். எழுத்தோடு நிற்பவர்கள் செய்கிற காரியமா இது?

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஆதியாகமம் 22-ஐ எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட மோரியாவுக்குப் போகும் அதிகாரம். யூதர்கள் இதை ‘அக்கேதா’ என்பார்கள். கட்டுதல் என்று பொருள். கிறிஸ்தவர்கள் ‘ஈசாக்கின் பலி’ என்பார்கள். ஈசாக்கு பலியாகவே இல்லை, அவனுக்குப் பதில் ஓர் ஆட்டுக்கடாதான் பலியானது! பெயரிலேயே பாதி வழக்கு வந்துவிட்டது.

இரண்டாம் வசனத்தில் கடவுள், ‘உன் மகனை, உன் ஒருவனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை’ என்கிறார். ஓர் ஆளைச் சுட்ட நான்கு தொடர் எதற்கு? வேதத்தில் ஒரு சொல்லும் வீண் இல்லை என்பது யூத மத ஆசிரியர்களான ரபிகளின் துணிபு. அப்படியானால் இடையில் ஆபிரகாம் ஏதோ பேசியிருக்க வேண்டும். பிரான்சின் த்ருவா நகரத்து யூத உரையாசிரியர் ராஷி (1040–1105), மிஷ்னாவை விவாதிக்கும் பெருநூலான தால்மூதில் உள்ள உரையாடலை இங்கே பொருத்துகிறார். கடவுளின் ஒவ்வொரு தொடருக்கும் ஆபிரகாம் பதில் சொல்கிறான். ‘உன் மகனை.’ எனக்கு இஸ்மவேல், ஈசாக்கு என்று இரண்டு மகன்கள். ‘உன் ஒருவனை.’ இவன் தன் தாய்க்கு ஒருவன், அவனும் தன் தாய்க்கு ஒருவன். ‘நீ நேசிக்கிறவனை.’ இருவரையும் நேசிக்கிறேன். ‘ஈசாக்கை.’ அதற்குமேல் தகப்பனுக்குப் பேச்சில்லை. மூலத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் பேசுகிறது.

அடுத்து ஒரு கணக்கு. ஈசாக்கு பிறந்தபோது அவன் தாய் சாராளுக்கு 90 வயது. அவள் இறந்தது 127-இல். அந்த மரணம் அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்திலேயே வருவதால், மோரியாச் செய்தி கேட்டுத்தான் உயிர் பிரிந்தது என்று ரபிகள் கொள்கிறார்கள். அப்போது ஈசாக்குக்கு 37 வயது. கட்டப்பட்டது சிறுவன் இல்லை, மனமொப்பிய ஆண்மகன். இன்னொரு யூத உரையாசிரியர் இப்னு எஸ்ரா இதை ஏற்கவில்லை. அறிவுக்குப் பொருந்துவது 13 அளவில்தான் என்கிறார். வெனிஸில் 1524–25-இல் டேனியல் பாம்பெர்க் அச்சிட்ட ரபிகளின் வேதாகமத்தில் ராஷி, இப்னு எஸ்ரா இருவர் உரையும் மூலத்தைச் சுற்றி நிற்கின்றன. யார் சரி என்று பக்கம் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று நம் உரையாசிரியர்கள் எழுதுவார்களே, அதற்கு எபிரேயத்தில் ‘தாவார் அஹேர்’, அதாவது வேறொரு விளக்கம்.

கிறிஸ்தவ உரை கதையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குகிறது. ஈசாக்கு சுமந்த விறகு சிலுவை, மகன் கிறிஸ்து. திருச்சபைத் தந்தை அகுஸ்தீன், புதரில் கொம்பு சிக்கிய கடாவில் இயேசுவின் முள்முடியைக் காண்கிறார். இந்த முறையின் வலு, சிதறிய நூல்களை ஒரே கதையாகக் கோர்ப்பது. இடறுமிடமும் அதுதான்: ஈசாக்கு சாகவில்லையே, அப்படியானால் அவன் யாருக்கு முன்னடையாளம்? எபிரெயருக்கு எழுதிய நிருபம், ஆபிரகாம் அவனை மரித்தோரிலிருந்து பெற்றதற்கு ஒப்பாகப் பெற்றான் என்கிறது. பழைய கிறிஸ்தவ உரையாசிரியர் ஓரிகன் பாத்திரத்தையே இரண்டாகப் பிரித்தார். கிறிஸ்துவின் அழியாத தெய்வத் தன்மையான வார்த்தையானவருக்கு ஈசாக்கு, அவருடைய பாடுபட்ட மாம்சத்துக்குக் கடா. சற்று வலிந்த உரைதான்; ஆனால் சிக்கலை ஒளிக்காத உரை.

வாசிக்கும் நாளும் பொருளை மாற்றும். ஜெப ஆலயத்தில் இது யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டாம் நாள் வாசிப்பு. ஆட்டுக்கடாக் கொம்பு ஊதி, ‘அந்தக் கட்டுதலை நினைத்து இரங்கும்’ என்று மன்றாடும் பருவம். கத்தோலிக்கருக்குப் பாஸ்கா திருவிழிப்பின் இரண்டாம் வாசகம், விடிந்தால் உயிர்ப்பு.

இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை என்றும் எண்ண வேண்டாம். 14-ஆம் நூற்றாண்டு பிரான்சிஸ்கன் துறவி லீராவின் நிக்கோலாஸ் ராஷியைப் பெயர் சொல்லியே எடுத்தாண்டார். ஈசாக்கு விறகு சுமந்ததற்கு ஆதியாகம ரப்பா என்னும் மித்ராஷ், அதாவது யூத வேத விளக்கநூல், தரும் உவமை, ‘தன் சிலுவையைத் தோளில் சுமப்பவனைப் போல’. ரோமர் ஆட்சியில் கொலைக்களத்துக்கு நடக்கும் எவனும் அப்படித்தான் போனான். மித்ராஷ் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவுக்குப் போகாமல், அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது.