மாமா, புல்லட், 14 கொண்டை ஊசி

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நகராட்சித் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் அவர்களே, விடியற்காலையில் கோயமுத்தூரிலிருந்து புறப்பட்டு இந்தக் குன்னூர்க் குளிருக்குள் வந்து சேர்ந்திருக்கும் சங்க நண்பர்களே, கூடலூர்த் தம்பிகளே, வாசலில் இத்தனை வண்டிகளை ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்திக் கொடுத்த மண்டபக் காவலாளி அண்ணன் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆய்வாளர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் மேடையில் இருக்கிறார் என்று தெரிந்ததும் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்கூட ஹெல்மெட் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள். தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கம்பளிச் சால்வையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கதகதப்பாக இருந்திருக்கும். சரி, கிடைத்தவரை லாபம்.

மூன்று விஷயம் பேசச் சொன்னார்கள். மலைக்கு ஏற்ற வண்டி எது, மழைக்காலத்தில் எப்படி ஓட்டுவது, அப்புறம் என் சொந்த அனுபவம். கடைசியிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: பதறாத காரியம் சிதறாது. அதை நான் காதில் வாங்காத நாள் அது.

1984. எனக்குப் பெண் பார்க்க இங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி மேட்டுப்பாளையம் போக வேண்டும். பஸ்ஸில் போனால் மரியாதையாக இருக்காது என்று நண்பனிடம் புல்லட் இரவல் வாங்கினேன். நான் அதுவரை ஓட்டியது ராஜ்தூத் பைக். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டிகளுக்கு நேர்மாறு. முந்தின நாள் சாயங்காலம் சிம்ஸ் பார்க்கைச் சுற்றி நாலு ரவுண்டு அடித்துப் பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் என் தாய்மாமா. வெள்ளை வேட்டி, மடியில் பெண் வீட்டுக்கு ஒரு தகர டப்பா நிறைய ஊட்டி வர்க்கி. மாமா சிக்கனக்காரர். தீக்குச்சியை இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்கிற ஆள். காட்டேரி ஊர் தாண்டியதும் என் தோளைத் தட்டினார். "ஏண்டா, இறக்கந்தானே? எதுக்கு பெட்ரோலை எரிக்கிறே? நியூட்ரல்ல போட்டு ஆஃப் பண்ணு, தானா போகும்."

மாப்பிள்ளை முறுக்கில் இருக்கிறவன் மாமா பேச்சைத் தட்டுவானா? எந்தக் கியரும் பிடிக்காத நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பினேன். ஆகா, என்ன சுகம்! சத்தமே இல்லை. காற்றும், மாமாவின் வேட்டி படபடப்பும் மட்டும்தான். மரப்பாலம் என்கிற ஊர் வரை ராஜா மாதிரி இறங்கினோம். அங்கே ஒரு கருகல் வாடை. "யாரோ ரப்பரைக் கொளுத்தறாங்க" என்றார் மாமா. யாரும் கொளுத்தவில்லை, சக்கரத்தை உரசிப் பிடிக்கிற எங்கள் பிரேக் லைனர்தான். அடுத்த வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால், கால் போகிறது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கும் அப்படியே. எதிரில் லாரி ஒன்று முக்கி முனகி ஏறி வருகிறது. ஏறுகிற வண்டிக்கு வழிவிடு என்பது மலைச் சட்டம். எங்கே விடுவது?

பதறிவிட்டேன். பழக்க தோஷம், ராஜ்தூத் என்று நினைத்து வலது காலால் ஓங்கி மிதித்தேன். அங்கே இருந்தது கியர் லீவர். புல்லட்டில் நியூட்ரலிலிருந்து கீழே அழுத்தினால் இரண்டாவது கியர். கடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டு கியர் விழுந்தது, பின் சக்கரம் தேய்ந்தது, யாரோ பின்னாலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்தது போல வண்டி அடங்கியது. உள்பக்கச் சாக்கடை மேட்டில் மெதுவாகச் சாய்ந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. மாமாவுக்கு ஒன்றுமில்லை. வர்க்கிதான் மொத்தமும் தூள்.

பர்லியாறு பழக்கடை அம்மா எங்களைப் பார்த்து, "என்னப்பா, சேறும் சகதியுமா கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டு, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, மங்குஸ்தானும் கொடுத்தார். பெண் வீட்டில் வர்க்கித் தூளைக் கிண்ணத்தில் போட்டு, டீயில் கலந்து, ஸ்பூனால் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் வர்க்கியை நொறுக்கித்தான் சாப்பிடுகிறார். (சிரிப்பு, கைதட்டல்)

சிரித்தது போதும். என்னைக் காப்பாற்றியது பிரேக் அல்ல, கியர். அதற்குத்தான் இன்று வந்தேன். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குள். இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தின் வேகம் எல்லாம் சூடாக மாறி எங்காவது போயாக வேண்டும். பிரேக்கையே நம்பினால் லைனர் வழுக்க ஆரம்பிக்கும். கியரில் இருந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் என்ஜினே பிடித்துக்கொள்ளும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று லாரி டிரைவர்கள் சும்மா சொல்லவில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி உள்ள கல்லட்டிப் பாதையில் குறைந்த கியரில் இறங்கச் சொல்லி எழுதி வைத்திருப்பதும் அதனால்தான்.

பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நியூட்ரலில் இறங்குகிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கிற வண்டிகள் பெரும்பாலும் பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிற ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். ஆக்ஸிலரேட்டரை மூடிக் கியரில் இறங்கினால் வண்டியே பெட்ரோலை நிறுத்திக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கக் குடிக்கும். மாமா உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டு முதல் கியரிலேயே மேட்டுப்பாளையம் போயிருப்பார்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வரும் சகோதரிகளே, உங்களுக்கு அந்தப் பிடிமானம் குறைவு. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள். நடுவில் நிறுத்தி ஒரு டீ குடியுங்கள், பிரேக் டிரம் ஆறட்டும். பதறாத காரியம் சிதறாது.

ஆகவே தலைவர் அவர்களே, ஆய்வாளர் அவர்களே, குன்னூரிலிருந்து இறங்கும் இடத்தில் 'நியூட்ரலில் இறங்காதீர், கியரில் இறங்குவீர்' என்று தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை வேண்டும். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று முறையும் ரசீது கொடுத்தார்கள், பலகை கொடுக்கவில்லை. பெயிண்ட் செலவு என்னுடையது. அனுமதிதான் உங்களுடையது.

மணி அடிக்கிறார்கள். மலைக்கு ஏற்ற வண்டி, மழைக்கால ஓட்டம் இரண்டும் அடுத்த கூட்டத்துக்கு இருக்கட்டும். வாசல் மேஜையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பலகை வேண்டும் என்பவர்கள் பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன், போன வருஷம் இரண்டு போய்விட்டது.