மாவும் நைஸ், மனிதரும் நைஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

இட்லிக்கு மாவு அரைக்கும்போது என் அம்மா தவறாமல் ஒன்று சொல்வார்: "உளுந்து நைஸா இருக்கணும், அரிசி கொஞ்சம் கொரகொரன்னு இருந்தாப் போதும்." அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தான் சொல்வது ஆங்கிலச் சொல் என்பதும் தெரியாது. நான் படித்து ஆங்கில ஆசிரியர் ஆகி, 'நைஸ் என்றால் நல்ல, இனிய' என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். வீட்டுக்கு வந்தால் மாவு நைஸாக இருந்தது. பலகையில் இருப்பதும் ஆட்டுரலில் இருப்பதும் ஒரே சொல்தானா என்று யோசிக்க எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

யோசிக்க வைத்தவன் ஒரு பத்தாம் வகுப்புப் பையன். தலைமையாசிரியரைப் பற்றி ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். "எல்லாரும் நைஸ், நைஸ் என்றே எழுதாதீர்கள், வேறு சொல் தேடுங்கள்" என்று தூண்டிவிட்டதும் நான்தான். அவன் ஒத்தசொல் அகராதியைத் திறந்து, இருந்ததிலேயே கம்பீரமாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்து எழுதிவிட்டான்: 'எங்கள் தலைமையாசிரியர் மிகவும் டெலக்டபிளானவர்.' டெலக்டபிள் பெரும்பாலும் நாக்கோடு சேர்ந்த சொல். அல்வாவுக்குச் சொல்லலாம், நல்ல மாம்பழத்துக்குச் சொல்லலாம். தலைமையாசிரியரை அப்படிச் சொன்னால், அவரை இலையில் வைத்துப் பரிமாறியதுபோல் ஆகிவிடுகிறது.

பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டியலில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில்தானே இருந்தன! ஆங்கிலத்தில் இந்த வகை அகராதிக்குப் பேர்போனவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர். 1852-இல் அவருடைய தெசாரஸ் வெளிவந்தபோது அவருக்கு வயது 73. சொற்களை அகரவரிசையில் வைக்காமல், சுமார் 1000 கருத்துத் தலைப்புகளின் கீழ் கூட்டம் கூட்டமாக அடுக்கினார். நமக்கு இது புதிதில்லை. நிகண்டு என்று சொல்லும் நம் பழைய சொற்பொருள் நூல்களான திவாகரமும் பிங்கலமும் செய்தது ஏறக்குறைய இதைத்தான். சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் பாட்டாகவே மனப்பாடம் செய்தார்கள். நிகண்டானாலும் தெசாரஸானாலும், மொழி தெரிந்தவனுக்கு மறந்துபோன சொல்லை எடுத்துக்கொடுக்கும். எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்று மட்டும் சொல்லாது. அதற்கு அந்தச் சொல் யாரோடு சேர்ந்து திரிகிறது என்று பார்க்க வேண்டும்.

நைஸையே எடுத்துக்கொள்வோம். அதன் பங்காளிகள் குட், கைண்ட், பொலைட், ப்ளெஸண்ட். வழி கேட்டால் சிரித்த முகத்தோடு சொன்னவர் நைஸ். தன் வேலையை விட்டுவிட்டு, கூடவே நடந்து வந்து வாசல்வரை காட்டிவிட்டுப் போனவர் கைண்ட். கைண்ட் என்று பேர் வாங்கக் கொஞ்சமாவது கைப்பொருளோ நேரமோ செலவாகும். நைஸுக்கு முகம் போதும். குட் என்பது இன்னும் உள்ளே போய், குணத்தைத் தொடுகிறது. 'கடைக்காரர் நைஸ்தான், ஆனால் குட் இல்லை' என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால், பேச்சு இனிப்பு, தராசு கோணல் என்று எடுத்துக்கொள்ளலாம். பொலைட், மரியாதை தெரிந்தவர், அவ்வளவுதான். ப்ளெஸண்ட் என்பது நைஸ் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டதுபோல.

அப்புறம், பங்காளிகள் யாராலும் ஈடுகட்ட முடியாத இடங்கள் சில உண்டு. டீ 'நைஸ் அண்ட் ஹாட்' ஆக இருக்கிறது என்பார்கள். இங்கே நைஸுக்குப் பதில் கைண்டையோ பொலைட்டையோ போட்டுப் பாருங்கள், டீ ஆறிவிடும். தமிழில் 'நல்லா சூடா இருக்கு' என்கிறோமே, அந்த 'நல்லா' தான் இது. தோற்றுப்போனவனிடம் 'நைஸ் ட்ரை' என்பார்கள். ஏமாற்றப் பார்த்து மாட்டிக்கொண்டவனிடமும் அதையேதான் சொல்வார்கள். எதற்கு எது என்று குரலை வைத்துத்தான் தெரியும். நாம்கூட 'நல்ல கதையா இருக்கே!' என்று சொல்லும்போது கதையைப் பாராட்டுவதில்லையே.

சரி, மாவுக்கு வருவோம். லத்தீனில் நெஸ்கியுஸ் என்றால் அறியாதவன். 'நெ' என்பது இல்லை. 'ஸ்கிரே' என்பது அறிதல். சயன்ஸ் என்ற சொல்லும் அந்த அறிதலில் இருந்து பிறந்ததே. அறிந்தது சயன்ஸ், அறியாதது நைஸ், இரண்டும் ஒரே வேர். நெஸ்கியுஸ் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அசடு என்ற பொருளோடுதான் வந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஒருவரை நைஸ் என்றால் சண்டைக்கு வருவார். பிறகு அசட்டுத்தனம் பகட்டாயிற்று, பகட்டு நாசூக்காயிற்று, நாசூக்கு நுணுக்கமாயிற்று. 1755-இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில், நுட்பமாக ஆராய்வது, மென்மையானது போன்ற பொருள்களைப் பார்க்கலாம். 'இனிய' என்ற பொருள் பரவலானது அதற்கும் பிறகுதான்.

அறியாமையைக் குறித்த சொல் எப்படி நாசூக்காகும் என்று கேட்கலாம். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நம்மவர்கள் பெண்ணுக்குச் சொன்னார்களே, அந்த மடம் எது? மடமையில் இருக்கும் அதே மடம்தான். அறிந்தும் அறியாததுபோல் இருப்பது என்று உரைகாரர்கள் பூசி மெழுகினார்கள். அந்த நாலில் ஏன் அறிவு இல்லை என்ற என் பழைய சண்டை வேறு கதை, இன்றைக்கு வேண்டாம்.

பழைய பொருள் ஆங்கிலத்தில் அடியோடு அழிந்துவிடவில்லை. சட்ட வாதத்தில் 'நைஸ் பாயிண்ட்' என்றால், நல்ல வாதம் என்பதைவிட மயிரிழை நுணுக்கமான வாதம் என்றே பொருள். மற்றபடி இன்றைய ஆங்கிலத்தில் 'இனிய'வின் ஆட்சிதான். நம் சமையலறையிலோ அந்த நுண்மை இன்னும் கொடிகட்டிப் பறக்கிறது. நைஸ் கோலமாவு, நைஸ் துணி, நைஸாக அரைத்த சந்தனம். இங்கே இது வேர்பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கும் என்பது என் ஊகம். 'நைய அரை' என்று நம்மிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. 'நைதல்' தமிழ்ச் சொல், நைஸோடு உறவில்லை. ஆனால் ஒலியும் பொருளும் இவ்வளவு கிட்டத்தில் இருந்தால், வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருப்போமா?

உட்கார்ந்தது சும்மாவும் இருக்கவில்லை. ஆங்கிலத்தில் இல்லாத வேலையெல்லாம் இங்கே பார்க்கிறது. நைஸாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான் என்றால் அது பாராட்டா, எச்சரிக்கையா? பில் வரும் நேரம் பார்த்து நைஸாகக் கழன்றுகொண்டார் என்றால்? சத்தமில்லாமல், பிசிறில்லாமல், யார் கண்ணிலும் படாமல். அம்மா அரைத்த உளுந்து மாதிரியே. இதை ஒரு ஆங்கிலேயரிடம் அப்படியே சொன்னால், பாவம், அவர் இனிமையாக விடைபெற்றுப் போனார் என்று நினைத்துக்கொள்வார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டதென்று கையைக் காட்டுகிறார்கள். நானும் நைஸாகக் கழன்றுகொள்கிறேன். வணக்கம்.