ஒரு மழைக்காலம் கழித்துக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். கட்டாரிலிருந்து லீவில் வரும் அண்ணனிடம் நல்லதொரு மடக்குக் கத்தி கொண்டுவரச் சொல்லப் போகிறாராம். "மாமா, நீங்க தேயிலை நாற்றுத் தவறணையில முப்பது வருஷம் கத்தி பிடிச்ச ஆள். எதை வாங்கலாம்?" என்று கேட்டார். ஏற்கெனவே அந்த மாதிரிக் கத்தி வைத்திருப்பவர்கள் நாலைந்து பேரிடம் விசாரித்திருந்தார். அலகு கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு விரலால் தட்டினால் திறக்கிறது, மடக்கினால் சரியாக நடுவில் போய் உட்காருகிறது என்று எல்லோரும் புகழ்ந்திருக்கிறார்கள். சரி, வாங்கி எத்தனை நாள் ஆனவர்கள் என்று கேட்டேன். அநேகமானவர்கள் வாங்கி இரண்டு கிழமைகூட ஆகாதவர்கள்.

புதுக் கத்தியைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை. நான் கேட்க விரும்புவது, நம் மலையில் ஒரு மழைக்காலத்தைக் கடந்த கத்தியைப் பற்றி. மே மாதம் தொடங்கும் தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் செப்டம்பர் வரை விடாது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் மழை விட்டாலும் பனிமூட்டம் விடாது. சட்டைப்பையில் கிடக்கும் கத்தியும் நம்மோடு சேர்ந்து நனைகிறது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890 இல் பிறந்த ஒப்பினெல் கத்தியைப் பாருங்கள். விலை குறைவு, பீச் மரப் பிடி, கையில் பிடித்தால் அவ்வளவு இதம். ஆனால் நாள்பட வைத்திருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஈரத்தில் மரம் ஊதி அலகை இறுக்கிவிடும், நகம் பிய்ந்தாலும் திறக்காது. அதற்கு அந்த ஊர்க்காரர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிமுனையை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே வரும், பிடித்து இழுத்துவிடலாம். அவர்களுடையதும் மலைதானே!

இன்னொரு குறை, அலகு கறுத்துப் போகிறது என்பது. கரிம உருக்கு அலகு என்றால் அது நடக்கத்தான் செய்யும். தேயிலைத் தண்டை நாலு தரம் வெட்டிப் பாருங்கள், சாற்றிலுள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்து அலகு கருநீலமாகிவிடும். அது துரு அல்ல. பழுப்புச் சிவப்பாகப் பொரிந்து வந்தால்தான் துரு. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல கத்தியைக் குறை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு மனம் கேட்பதில்லை.

விலை கூடிய வரிசைக்கு வருவோம். தென்னாபிரிக்காவில் பிறந்து 1989 இல் அமெரிக்காவின் பொய்சி நகருக்குக் குடிபோன க்றிஸ் ரீவ் உருவாக்கிய கத்தி செபென்சா. ஜூலு மொழியில் 'வேலை' என்று அர்த்தம். டைட்டேனியப் பிடி. விலை 400 டொலருக்கு மேல், நம் சல்லியில் லட்சத்தைத் தாண்டும். அதில் பல வருடம் பயன்பட்ட எஸ்35விஎன் என்ற வனேடியம் கலந்த உருக்கைப் பற்றி வாங்கியவர்கள் இரண்டு கட்சி. இந்த விலைக்கு இன்னும் கடினமாகப் பதப்படுத்தி, கூர் அதிக நாள் நிற்கும்படி செய்திருக்கலாம் என்கிறது ஒரு கட்சி. அதற்கு மேல் கடினமாக்கினால் வீட்டில் உட்கார்ந்து தீட்ட முடியாது என்கிறது மற்றக் கட்சி. நான் இரண்டாவது கட்சி.

காரணம் தவறணையில்தான் இருக்கிறது. தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதன் கீழே ஒன்றரை அங்குலத் தண்டும் வருமாறு சாய்வாக வெட்டி, மண் நிரப்பிய பொலித்தீன் உறையில் நடுவோம். வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும். கத்தி மழுங்கினால் தண்டு நசுங்கும், நசுங்கியது வேர் விடாமல் அழுகும். அதனால் காலையில் ஒரு தரம், தேத்தண்ணி நேரத்தில் ஒரு தரம் தீட்டுவோம். நம்மிடம் இருப்பது கவ்வாத்துக் கத்தி தீட்டுகிற சாதாரணக் கல். அந்தக் கல்லுக்கு மசியாத உருக்கு எத்தனை உசத்தியாக இருந்தாலும் நம் பிழைப்புக்கு உதவாது.

அப்புறம் பூட்டு, அதாவது திறந்த அலகு தானாக மடங்காமல் பிடித்துக்கொள்வது. இளவயதில் பூட்டில்லாத ஒரு பேனாக்கத்தியால் தடித்த கிளையில் துளை போடப் பார்த்தேன். முனையை அழுத்தியதும் அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. அந்த விரல் இன்றைக்கும் நேராக நீளாது. ஆகவே அலகு மின்னுவதைப் பார்க்காதீர்கள் தம்பி, களிமண் புகுந்த பிறகும் பூட்டு முழுதாக விழுகிறதா என்று கேளுங்கள் என்றேன். திருகாணியைக் கழற்றி நாமே கழுவிப் பூட்ட முடியுமா என்றும் கேட்கச் சொன்னேன். செபென்சாவில் அது முடியும், அதற்கான திருகுச் சாவியும் பெட்டியிலேயே வரும். இது நமக்கு முக்கியம். உத்தரவாதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கத்தி கடல் தாண்டிப் போய்வர வேண்டுமே.

தம்பி இன்னும் முடிவெடுக்கவில்லை. மஸ்கெலியாவில் ஒருவர் அவர் ஆசைப்படும் அதே கத்தியை மூன்று வருடமாக வைத்திருக்கிறாராம். வரும் ஞாயிறு இருவரும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கப் போகிறோம். என் தீட்டுக்கல்லையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.

நன்றி, வணக்கம்.