அந்தக் கதவு எந்த வீட்டுக் கதவு?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, பிள்ளைகளை மடியில் வச்சுக்கிட்டு இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டிருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு மனிதரோட அடையாளத்தையும் வளர்ச்சியையும் பெரிதும் தீர்மானிப்பது குடும்ப மரபும் நம்பிக்கையுமா, தனிமனிதத் தேடலா? இதுதான் தலைப்பு. குடும்ப மரபும் நம்பிக்கையும்தான்ங்கிறது எங்க அணி. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன், ரெண்டு பேரைச் சாட்சிக்கு அழைச்சார். ஒருத்தர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கின ஐடா ஸ்கடர். இன்னொருத்தர், அண்ணல் அம்பேத்கர். ரெண்டு பேருமே பிறந்த வீட்டுப் பாதையை உதறினாங்க, அதனாலதான் உயர்ந்தாங்கன்னு சொல்லி உட்கார்ந்தார். நான் புதுச் சாட்சி யாரையும் கூப்பிடப் போறதில்லை. அவர் அழைச்ச அதே ரெண்டு பேரை நானும் விசாரிக்கிறேன்.

ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவங்க. தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவில் கப்பல் ஏறி, யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஊழியம் செஞ்சு, பிறகு சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். பெரியப்பா, சித்தப்பான்னு அந்தக் குடும்பமே இந்த மண்ணில் ஊழியம் செஞ்சது. சின்ன வயசுலேயே பஞ்சத்தில் பிள்ளைகள் பசியால் துடிக்கிறதைப் பார்த்த ஐடாவுக்கு, இந்த வாழ்க்கையே வேண்டாம்னு ஆயிடுச்சு. அமெரிக்காவில் படிச்சு அங்கேயே இருந்துடணும்னு இருந்தாங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு தகவல் போனதாலதான் 1890-ல் திண்டிவனத்துக்கு வந்தாங்க. கொஞ்ச நாள்ல திரும்பிடலாம்ங்கிற எண்ணத்தோடதான் வந்தாங்க. அண்ணன் இதுவரைக்கும் சொன்னது சரி.

அப்புறம் அந்த ஓர் இரவு. ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டுறார். அவர் மனைவி பிரசவ வலியில் கிடக்கிறாங்க, உயிருக்கு ஆபத்து. "நான் டாக்டர் இல்லை, எங்கப்பாதான் டாக்டர், அவரைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு ஐடா சொல்றாங்க. வேற ஆண் முகத்தை என் மனைவி பார்க்கக்கூடாதுன்னு அவர் திரும்பிடுறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வர்றார். அதுக்கப்புறம் இன்னொரு இந்து. மூணு பேருக்கும் ஒரே வேண்டுதல், மூணு பேருக்கும் ஒரே பதில். விடிஞ்சதும் ஆள் அனுப்பி விசாரிச்சா, மூணு பெண்களுமே இறந்துட்டாங்க.

இந்த இடத்தில்தான் அண்ணன், "பாருங்க, ஐடாவை மாத்தினது குடும்பம் இல்லை, சூழ்நிலை"ன்னு சொன்னார். அண்ணே, பிரசவத்தில் பெண்கள் சாகிறது அந்தக் காலத்தில் எந்த ஊரில்தான் நடக்கலை? அந்தச் சாவு மேளம் திண்டிவனம் முழுக்கத்தானே கேட்டிருக்கும்? எல்லாரும் அழுதிருப்பாங்க, விதின்னு சொல்லியிருப்பாங்க, மறுநாள் வேலையைப் பார்க்கப் போயிருப்பாங்க. ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் அது "நீ என்ன செய்யப் போற?"ங்கிற கேள்வியா ஏன் கேட்டது? அந்த மூணு பேரும் தட்டின கதவு எந்த வீட்டுக் கதவு? ரெண்டு தலைமுறையா நோயாளிக்குத் திறந்த கதவு அது. ராத்திரி முழுக்க அந்தப் பெண் தூங்கலை, ஜெபம் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. காலையில் அப்பா அம்மாகிட்டப் போய், நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்னு சொன்னாங்க. அத்தனை வருஷமா வேண்டாம்னு தள்ளி வச்சிருந்ததும் அந்த வீடு கொடுத்ததுதான். அந்த ஒரு ராத்திரியில் கைநீட்டி எடுத்துக்கிட்டதும் அதைத்தான்.

இன்னொண்ணையும் பாருங்க. அவங்க தாத்தா செஞ்சதை அப்படியே திருப்பிச் செய்யலை. அப்பாவோட வைத்தியம் அந்த மூணு வீட்டு வாசல்படியைத் தாண்ட முடியலையே, அந்தக் குறையைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே வேலூரில் வீட்டுக்குள்ளேயே ஒரே ஒரு படுக்கையோட வைத்தியம் தொடங்கினாங்க. கூட நின்னு சொல்லிக்கொடுக்க வேண்டிய அப்பா அதே 1900-ல் இறந்துட்டார். ஆனாலும் நிறுத்தலை. 1902-ல் மருத்துவமனை எழும்பிச்சு. 1918-ல் பெண்களுக்காகவே மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. தான் ஒருத்தி டாக்டர் ஆனா எத்தனை வாசலுக்குப் போக முடியும்னு யோசிச்ச மனசு அது. மரபு மனுஷனைக் கட்டிப்போடும்னு சொன்னவங்க, அந்தப் பள்ளியில் படிச்சு வந்த பெண்களை நினைச்சுப் பார்க்கணும்.

இப்ப அண்ணல் அம்பேத்கர். "சாதியும் குடும்ப மரபுதானே, அதையும் தூக்கிப் பிடிக்கிறீங்களா?"ன்னு எதிரணி கேட்டது. நியாயமான கேள்வி, தப்பிச்சுப் போக மாட்டேன். பள்ளிக்கூடத்தில் கோணிச் சாக்கில் தனியா உட்கார வச்சாங்க. தாகத்துக்குத் தண்ணிக் குழாயைத் தொட விடலை. அந்தக் கொடுமைக்கு மரபுன்னு பேர் வச்சு யாராவது காப்பாத்த வந்தா, நானே எதிர்த்து நிப்பேன். ஆனா அது ஊர் அவர் தலையில் ஏத்தின சுமை. வீடு அவருக்கு என்ன கொடுத்தது?

அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். கபீர்ங்கிற பக்திக் கவிஞரைப் பின்பற்றுற 'கபீர் பந்த்'ங்கிற பக்தி வழியைச் சேர்ந்தவர். பிறப்பால் மேல் கீழ் கிடையாதுன்னு பாடின கபீரோட வரிகள் அந்த வீட்டில் பக்திப் பாட்டா ஒலிச்சது. பள்ளிக்கூடம் தீட்டுன்னு தள்ளி வச்ச பிள்ளையோட காதில், நீ தாழ்ந்தவன் இல்லைங்கிற சேதி அப்பாவோட வழிபாட்டில் விழுந்துக்கிட்டே இருந்தது. மகன் ஒரு புத்தகம் கேட்டா, கையில் காசு இல்லாதப்போ, கட்டிக்கொடுத்த மகள்கிட்ட நகையை வாங்கி அடகு வச்சாவது கொண்டு வந்து கொடுத்தவர் அந்தத் தகப்பன். பரோடா மன்னரோட உதவித்தொகையும் கொலம்பியா பல்கலைக்கழகமும் பின்னாடி வந்தது. அடகுக் கடைக்கு நடந்த அந்தக் கால்கள்தான் முதல்ல நடந்தது.

1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் தழுவினார், உண்மை. மதத்தை மாத்திக்கிட்டார், அதுவும் உண்மை. ஆனா தன்னோட குருக்கள்னு அவரே மூணு பேரைச் சொன்னார்: புத்தர், கபீர், சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே. புத்தரையும் புலேவையும் அவர் படிச்சுத் தேடிக் கண்டடைஞ்சார்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். நடுவுல இருக்கிற கபீர் எங்கிருந்து வந்தார்? எனக்கு அடுத்துப் பேச வர்ற எதிரணி அக்கா, முதல்ல இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்ததைத் தொடங்கட்டும் நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.