மிளகுக் கொடி வாடுகிறது: குழுவில் ஒரு கேள்வியை வைப்பது எப்படி

நேயர்களுக்கு வணக்கம்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை என்று கீழ்ப்பழனி மலையில் எந்த ஊருக்குப் போனாலும் விவசாயிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவாவது இருக்கிறது. காபி விலை, மிளகு விலை, யானை நடமாட்டம், மலைச்சாலை நிலவரம் எல்லாம் இன்று அதில்தான் வருகின்றன. அப்படி ஒரு குழுவைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். அங்கே உருப்படியான பேச்சு நடப்பதும் நடக்காமல் போவதும் பதில் சொல்கிறவர்கள் கையில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். என் எண்ணம் வேறு. முதலில் எழுதுகிறவர் எழுதும் விதத்திலேயே முக்கால்வாசி தீர்மானமாகிவிடுகிறது.

மழைக்காலத்தில் எங்கள் குழுவுக்கு அடிக்கடி வரும் ஒரு பதிவைச் சொல்கிறேன். "மிளகுக் கொடி வாடுது. என்ன மருந்து?" கூடவே ஒரு மஞ்சள் இலையின் படம். அவ்வளவுதான். உடனே பதில்கள் குவியும். ஒருவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்பார், ஒருவர் வேப்பம் புண்ணாக்கு என்பார், இன்னொருவர் கடையில் வாங்கிய ஏதோ ஒரு டப்பாவைப் படம் எடுத்துப் போடுவார். கேட்டவருக்குக் குழப்பம் கூடுமே தவிர வழி பிறக்காது.

இதில் யார் சொன்னது தப்பு? யாரும் தப்பாகச் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். மிளகுக் கொடி இரண்டு விதமாக வாடும். ஒன்று வேக வாடல். பைட்டோப்தோரா என்ற கிருமியால் வருவது, தொடர்ந்து ஈரம் நிற்கும் மழை நாட்களில் தாக்கும். அடித்தண்டில் பிடித்துவிட்டால் பட்டை கறுத்து நனைந்தாற்போல் இருக்கும். இலையெல்லாம் தொங்கி உதிர்ந்து, பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று வாரத்திலேயே போய்விடும். மற்றது மெதுவாக வரும் வாடல். மழை ஓய்ந்த பிறகு இலை மஞ்சளாகும், நுனி காயும், அடுத்த மழைக்குக் கொடி கொஞ்சம் தேறும், மறுபடி சோரும், வருடக்கணக்கில் இப்படியே இழுக்கும். மண்ணைத் தோண்டி வேரைப் பார்த்தால், நூற்புழு என்ற கண்ணுக்குத் தெரியாத மண்புழுவினம் போட்ட முடிச்சுகள் தெரியும். முதலாவதற்கு வடிகாலும் போர்டோ கலவையும் வேண்டும். இரண்டாவதற்கு நூற்புழுவைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு உரியதை மற்றதற்குச் செய்தால் காசும் போகும், கொடியும் போகும். அந்த மஞ்சள் இலைப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதே கேள்வியை இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். "ஊர் தாண்டிக்குடிப் பக்கம். கொடிக்கு எட்டு வயசு இருக்கும், முள்முருங்கையில ஏத்தினது. ரெண்டு வாரமா மழை விடல. பச்சையா நின்ன கொடி நாலஞ்சு நாள்ல தொங்கிப்போச்சு. அடித்தண்டு கறுத்து ஈரமா இருக்கு. சரிவுல கீழ்ப்பக்கம், தண்ணி தேங்குற இடம். பக்கத்துக் கொடியிலயும் இலை உதிர ஆரம்பிச்சிருச்சு. இதுவரைக்கும் ஒண்ணும் அடிக்கல. இதைப் பிடுங்கிடலாமா, பக்கத்துல இருக்கிறதை எப்படிக் காப்பாத்துறது?"

இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் இதற்குப் பதில் சொல்ல வருகிறவர்களே வேறு ஆட்கள். தோட்டத்தில் முடி நரைத்த பெரியவர்கள் முதல் பதிவுக்கு வாய் திறக்க மாட்டார்கள். ஒருத்தர் தோட்டத்தைப் பார்க்காமல் மருந்து சொல்லி அது பொய்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அவர்களுக்கு உண்டு. நிறைய தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் இருக்கும். விவரம் கொடுத்தால் அவர்கள் முன்வருவார்கள். கொடுக்காவிட்டால் பொறுப்பு எடுத்துக்கொள்ளத் தேவையில்லாதவர்கள் மட்டுமே பேசுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "என்ன மருந்து?" என்று கேட்கும்போதே மருந்துதான் தீர்வு என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். தண்ணீர் தேங்குகிறதா, நிழல் அதிகமா என்று யோசிக்க வந்தவர் பேசாமல் ஒதுங்கிவிடுவார். கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு "இது என்னவா இருக்கும்?" என்று விட்டால் பேச்சு விரியும்.

படம் எடுப்பதிலும் அப்படித்தான். காபி இலையை மேலிருந்து எடுத்தால் வெளிர் மஞ்சள் புள்ளிதான் தெரியும். திருப்பினால்தான் அடியில் இலைத்துரு நோயின் ஆரஞ்சுப் பொடி தெரியும். முழுச் செடி ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று, தண்டும் மண்ணும் சேரும் இடம் ஒன்று என்று எடுத்துப் போடுங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம். விருப்பாட்சி வாழை நம் மலையின் சொத்து. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம். முடிக்கொத்து நோய் அதை ஒரு காலத்தில் இந்த மலையிலிருந்தே விரட்டிவிடும் போல இருந்தது. இலை குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். காம்பிலும் நரம்போரத்திலும் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் விழும். வந்த மரத்துக்கு மருந்து கிடையாது, கிழங்கோடு அழிக்க வேண்டும். அசுவினிப் பூச்சியும் பரப்பும், நோயுள்ள மரத்தின் கன்றும் பரப்பும். குழுவில் "விருப்பாட்சி கன்று இருக்கு, வேணும்கிறவங்க கூப்பிடுங்க" என்று ஒரு வரி வந்தால், தாய்மரம் எப்படி இருக்கிறது, தோட்டத்தில் நோய் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் கேட்கிற தொனி முக்கியம். தன் தோட்டத்தில் முடிக்கொத்து வந்ததை ஒருவர் தைரியமாகச் சொல்லும்போது, "நீங்க சரியாப் பாக்கல அண்ணே" என்று நாலு பேர் முன்னால் குத்திவிட்டால், அடுத்தவர் மறைத்துவிடுவார். மறைத்த நோய் கன்றோடு பக்கத்து ஊருக்குப் போகும். சொன்னவருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். குழுவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வேறெதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இயற்கை முறையா, ரசாயனமா என்ற சண்டை எந்தக் குழுவிலும் உண்டு. அது ஆளைப் பற்றிய சண்டையாக மாறாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி, நான்கு கேள்வி கேட்பது. எந்த வருடம் செய்தீர்கள்? எத்தனை கொடியில்? மழை எப்படி இருந்தது? ஒன்றும் செய்யாமல் விட்ட பக்கத்துக் கொடி என்ன ஆனது? இதற்குப் பதில் வந்தால் இரண்டு தரப்புக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

நாளும் நேரமும் போடாத செய்தி மலையில் ஆபத்து. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து நம் மலை மேலும் வந்தது. மரங்கள் சாய்ந்தன, பாதைகள் அடைபட்டன. அப்படிப்பட்ட நாளில் "வத்தலக்குண்டு ரோடு பிளாக்" என்று மொட்டையாக ஒரு வரி வந்தால், அது காலையில் விழுந்த மரமா, நேற்று விழுந்து அப்புறப்படுத்தியதா என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நிற்கிறவருக்கு எப்படித் தெரியும்? எந்த இடம், எத்தனை மணிக்குப் பார்த்தது, நீங்களே பார்த்தீர்களா, யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். யானை நிற்கிறது என்று சொல்லும்போதும் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுவாகக் கலந்து பேசும் பக்கத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர். அங்கே பேசுகிறவர்கள் கடைசியில் நான்கு அலைக்குறி போடுவார்கள். பெயரும் நாளும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். அது நல்ல பழக்கம். வாட்ஸ்அப்பில் நேரம் தெரியுமே என்பீர்கள். ஆனால் அது அனுப்பிய நேரம். பத்துக் கை மாறி வந்த செய்தி எப்போது பிறந்தது என்று அதில் தெரியாது. 2018-ல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுவுக்கோ மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது, பொய்ச் செய்தி பரவி உயிர்கள் போனதனால்தான்.

எழுத வராதவர்கள் தயங்க வேண்டாம். பேசி அனுப்புங்கள்; ஊர், பயிர், பிரச்சினை மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் யாராவது அதை இரண்டு வரியில் கீழே எழுதிவைத்தால் பிறகு தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கேள்வி கேட்டவர்கள் திரும்பி வருவதில்லை. பத்துப் பேர் யோசித்துப் பதில் சொல்லியிருப்பார்கள். கொடி பிழைத்ததா, போனதா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் அதே மழையில் அதே கேள்வி முதலிலிருந்து தொடங்கும். இந்த ஒரு காரணத்தால் எங்கள் குழுவில் சேர வேண்டிய அறிவு சேராமல் போகிறது என்று உறுதியாக நம்புகிறேன். போன மழையில் ஏதாவது ஒரு குழுவில் கேள்வி கேட்டவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்து, அதற்கே பதிலாக எழுதுங்கள்: யார் சொன்னதைச் செய்தீர்கள், எப்போது செய்தீர்கள், என்ன ஆனது. பலிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதைத்தான் அடுத்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நன்றி, வணக்கம்.